உன் அப்பா உயிரோடு இருக்கிறார்

மகன்,

நான் நலம், நீயும் நலமாயிருக்கக் கடவுள் துணை என்று எழுதித்தான் உனக்கு எந்தக் கடிதத்தையும் தொடங்குவேன். இந்தமுறை அந்த வரி பேனாவுக்கு வரவில்லை. பாயில் விழுந்துவிட்டேன் என்று பயப்படாதே. முழங்கால் வலியும் பிரஷரும் தங்கள் பாட்டில் இருக்கின்றன, நானும் என் பாட்டில் இருக்கிறேன். களைப்புத்தான். கறியைத் தாளித்துவிட்டு இடையில் கதிரையில் இருந்து எழும்ப வேண்டியிருக்கிற களைப்பு. அதோடு போன வெள்ளிக்கிழமையிலிருந்து இன்னொரு களைப்பும் சேர்ந்திருக்கிறது. அதை உன்னிடம் ரெலிபோனில் சொன்னால் நீ இடையில் புகுந்து கதையை மாற்றிவிடுவாய். அந்தக் கெட்டித்தனம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்குள் நீ குறுக்கே கதைக்க ஏலாது.

வெள்ளிக்கிழமை உன் வருங்கால மாமியார் உன் அக்கா வீட்டு ரெலிபோனுக்கு எடுத்தார். அக்கா வந்து கூப்பிட, நான் பின்வீட்டிலிருந்து செருப்பும் போடாமல் ஓடிப்போனேன். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிற மனிசி, படித்த குடும்பம், என்ன குறை சொல்லப்போகிறாரோ என்று யோசித்துக்கொண்டே காதில் வைத்தேன். அவர் குறை ஒன்றும் சொல்லவில்லை. "அக்கா, இவ்வளவு நாளும் உங்களிட்ட நேர கேக்க மனம் வரேல்ல. தம்பி எல்லாம் சொன்னவர். தொண்ணூறில தம்பியின்ர அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள், பிறகு ஒரு தகவலும் இல்லையாம். ரெண்டு பிள்ளையளையும் தனிய வளர்த்தெடுத்திருக்கிறீங்கள். உங்களைக் கும்பிட வேணும்" என்றார். பிறகு, கலியாணத்தன்று மணவறையில் மாப்பிள்ளை பக்கத்துக்குச் சோடியாய் நிற்க ஆளில்லையே என்று நான் யோசிக்க வேண்டாமாம், தன் அண்ணரும் அண்ணியும் நிற்பார்களாம். நல்ல மனிசி. எனக்காக அழுதார். நான் "ம்" என்றேன். உனக்காகச் சொன்ன "ம்" அது. அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல என்னால் ஏலாது.

அவர் அழுதுகொண்டிருந்த அந்த நேரத்தில் உன் அப்பா குடாவுக்கு அப்பால் கட்டைபறிச்சானில், தன் கூடப்பிறந்த உன் மாமி வீட்டு முற்றத்தில், காயப்போட்ட நெல்லில் கோழி விழாமல் தடியோடு கலைத்துக்கொண்டு இருந்திருப்பார். பின்னேரம் அதுதான் அவருக்கு வேலை. கோழி கலைக்கிற மனிசனை நீ கொழும்பில் சாகடித்திருக்கிறாய்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் என்று சொல்வார்கள். நானும் உன் அக்காவின் கலியாணத்துக்குச் சில பொய் சொன்னவள்தான். அவளுக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும் என்றேன். உன் அத்தான் இன்றுவரைக்கும் என் முகத்தைப் பார்த்து அதைக் கேட்கவில்லை, நல்ல பிள்ளை. ஆனால் அந்த ஆயிரத்துக்குள் பெற்ற தகப்பனைச் சாகடிக்கிற பொய் இல்லை, மகன்.

நீ ஏன் சொன்னாய் என்று எனக்கு விளங்காமல் இல்லை. அவர்களுடைய விறாந்தையில் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, "அப்பா என்ன செய்யிறார்?" என்று கேட்டிருப்பார்கள். அறுபது வயதில் அம்மாவும் அப்பாவும் கோட்டுக்குப் போய் விவாகரத்து எடுத்தவர்கள் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வி வரும். அப்பா குடிகாரனா, அம்மா ஒருமாதிரியா, பெடியனும் நாளைக்கு இப்படித்தானோ என்று அந்தப் பிள்ளையின் சித்தி பெரியம்மா எல்லோரும் கூடியிருந்து கதைப்பார்கள். இந்த நாட்டில் இப்போது காணாமல் போன அப்பாவை விடச் சுலபமான அப்பா இல்லை. போனவர் என்றால் எல்லோரும் தலையைக் குனிவார்கள். விட்டவர் என்றால் எல்லோரும் தலையை நிமிர்த்திக் கேட்பார்கள். நீ தலை குனிகிற பக்கத்தை எடுத்துக்கொண்டாய். எனக்கு உன்மேல் கோபம் வந்தது உண்மை. நீ அந்தக் கதிரையில் தனியாக இருந்து வேர்த்ததை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது.

ஆனால் பக்கத்து வளவு நேசம் அக்காவை நினைத்துப்பார். தொண்ணூறில் ஆமி நடத்திய சுற்றிவளைப்பில் உன் அப்பாவை ஏற்றிய அதே லொறியில்தான் அவருடைய மனிசனையும் ஏற்றினார்கள். எத்தனை வருசமாகிவிட்டது. இன்றைக்கும் அந்த மனிசி பொட்டு வைக்கிறார். வைத்தால் ஒரு கூட்டம் கதைக்கிறது, அழித்தால் இன்னொரு கூட்டம் கதைக்கும். சோறு போட்டால் மனிசனுக்கென்று ஒரு பிடி எடுத்து மூடி வைப்பார். நீயும் அந்த வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டவன்! அந்தப் பிடிச் சோற்றைத்தான் நீ எடுத்துக்கொண்டு போய் கொழும்பில் உன்னுடையது என்று காட்டியிருக்கிறாய். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நேசம் அக்கா வேலியடியில் நின்று "கொழும்பால ரெலிபோன் வந்ததாம், என்ன சங்கதி?" என்று கேட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாயிருந்தது. கறிவேப்பிலை ஆய வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அப்பாவைக் கொண்டுபோன அந்த நாள் உனக்கு நல்லாய் நினைவிருக்கும். நீ கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அக்கா சாமிப்படத்துக்கு முன்னால் இருந்தாள். நான் எந்தத் தெய்வத்தையும் விடவில்லை. வெருகல் முருகனுக்குக் காவடி, காளி கோயிலுக்குப் பொங்கல், சோனகத் தெருப் பள்ளிவாசலுக்கும் நேர்ந்தேன், மாதா கோயிலுக்கும் நேர்ந்தேன். இந்த மனிசனைத் திருப்பித் தா, வேறு ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் வந்தார். துறைமுகத்தில் வேலை செய்கிற அட்டை சட்டைப் பையில் இருந்தபடியால் விட்டார்களாம். இருட்டுகிற நேரம், சேட்டில் ஒரு பொத்தானும் இல்லாமல், எங்கள் வீட்டு மேட்டில் ஏறி நடந்து வந்தார். நான் குசினி வாசலில் நின்றேன். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு இல்லை. அவர் என்னைத் தாண்டி வந்து கதிரையில் இருந்தார். உன் தலையைத் தடவினார். பிறகு உன்னிடம் சொன்னார்: "அம்மாட்டத் தேத்தண்ணி ஊத்தச் சொல்லு."

நான் ஒரு எட்டுத் தூரத்தில்தான் நின்றேன், மகன். செத்துப் பிழைத்து வந்த மனிசன், அன்றைக்கும் எனக்கு நேரே ஒரு சொல் சொல்லவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. இதைக் கோட்டிலும் சொன்னேன், உனக்கும் சொல்கிறேன். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து மேசையில் வைத்தார். "பிறகென்ன குறை உனக்கு?" என்று என்னைக் கேட்காத ஆள் இந்த ஓர்ஸ் ஹில்லில் இல்லை. குறை என்னவென்றால், கலியாணம் முடித்த புதிதில் எங்கள் இரண்டு பேருக்கும் வெட்கம். இரண்டு குடும்பமும் பேசிச் செய்து வைத்த கலியாணம், பேர் சொல்லவும் கூச்சம். அக்கா பிறந்தபிறகு அவருக்கு ஒரு வழி கிடைத்தது. அவளுக்குப் பேச்சு வந்ததும் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி அனுப்பத் தொடங்கினார். "அம்மாட்டச் சொல்லு, மீன் வாங்கி வந்தனான் எண்டு." "அம்மாட்டக் கேளு, சாவி எங்கயெண்டு." நானும் அதே வழியில் பதில் அனுப்பினேன். "அப்பாட்டச் சொல்லு, சாவி அவற்ற பொக்கற்றுக்குள்ளதானாம்." முதலில் அது எங்களுக்கு விளையாட்டாகவும் இருந்தது. கொஞ்சக் காலத்தில் வேறு மாதிரிக் கதைக்கத் தெரியாமல் போய்விட்டது.

நீ வந்தபிறகு தபாற்காரன் வேலை உனக்கு. அக்கா சொன்னதைச் சொன்னபடி கொண்டுவருவாள். நீ அப்படி இல்லை. ஒருநாள் சூரைமீன் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. "அம்மாட்டச் சொல்லு, இதை மனிசர் தின்னேலாது எண்டு" என்று அவர் சொன்னது குசினிக்குள் எனக்குக் கேட்டது. நீ வந்து, கொஞ்சம் நின்று யோசித்து, "அம்மா, அப்பா இன்னும் கொஞ்சம் சோறு வேணுமாம்" என்றாய். உனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். நான் சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். அவர் முழுவதையும் தின்றார். இரண்டு பேருக்கும் தெரியும் நீ பொய் சொன்னாய் என்று. பிள்ளை கெட்டிக்காரன் என்று மனதுக்குள் மெச்சினேனே தவிர, ஆறு வயதில் ஒரு பிள்ளை ஏன் இந்த வீட்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. வெள்ளவத்தைக் கதிரையில் இருந்து நீ சொன்னதும் அதே மாதிரிப் பொய்தான். வீடு உடைந்தது தெரியக்கூடாது, எல்லோரும் இன்னும் கொஞ்சம் சோறு சாப்பிட வேண்டும். பழக்கிவிட்டவர்கள் நாங்கள்.

பிறகு நீ கொழும்புக்கு வேலைக்குப் போனாய். அக்காவுக்குக் கலியாணம் சரிவந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. ஓர்ஸ் ஹில் வீடு எனக்குச் சீதனமாய் வந்தது, என்னிடமிருந்து அக்காவுக்கு. மகள் கலியாணம் முடிக்கும்போது தாயும் தகப்பனும் பெரிய வீட்டை விட்டு வளவுக்குள்ளேயே ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விடுவார்கள். உன் அப்பா அதற்கென்றே பின்பக்கத்தில் ஓர் அறையும் குசினியும் கட்டினார், பென்சன் எடுத்த கையோடு. கல் சுமந்தது முதல் கூரைக்குச் சீற் போட்டது வரைக்கும் தானே நின்று பார்த்தார். நல்ல வீடு. யன்னலைத் திறந்தால் உள்துறைமுகமும் நேவிக்காரர்களின் படகுகளும் தெரியும், காற்று அள்ளிக்கொண்டு வரும். அக்காவின் கலியாணத்து நாலாம் சடங்கு முடிந்து நாங்கள் இரண்டு பேரும் அதற்குள் குடிபோனோம்.

அங்கே சொல்லி அனுப்ப ஆளில்லை. அதுவரைக்கும் நான் அதை யோசித்ததே இல்லை. அவரும் யோசித்திருக்க மாட்டார். காலையில் எழும்பி, கதிரையில் இருந்து, வாசலைப் பார்ப்பார். செருமுவார். செருமினால் தேத்தண்ணி என்று நானாக விளங்கிக்கொண்டு ஊற்றி வைப்பேன். பேப்பரை மடக்கினால் சோறு. நாட்கள் அப்படிப் போயின. வெளியே ஊரடங்கென்றால் அன்று முழுக்க அந்த அறைக்குள் நாங்கள் இரண்டு பேரும் அவருடைய செருமலும்தான். ஒருநாள் நான் வேண்டுமென்றே எழும்பவில்லை. அவர் செருமினார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பவும் செருமினார். அப்போது அக்காவின் பூனை வாசலால் உள்ளே வந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்து, வெகு மரியாதையாகச் சொன்னார்: "என்ன, இண்டைக்குத் தேத்தண்ணி இல்லையாமோ?"

நீ சிரிப்பாய். அக்காவும் சிரித்தாள். எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. சுளகை வைத்துவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்று, "இஞ்சேருங்கோ, இனி என்னால ஏலாது" என்றேன். அவர் பூனையைத்தான் பார்த்தார்.

"ஒரு பூனைக்காகவா அம்மா டிவோர்ஸ்?" என்று நீ ரெலிபோனில் கத்தினாய். "வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது, இந்த வயதில் இது என்ன கூத்து" என்று உன் பெரியப்பா சொல்லி அனுப்பினார். பெரியப்பா சொன்னதில் பாதி உண்மை. வீடு என்னுடையது என்பதால் போ போ என்றது உன் அப்பாவைத்தான். அந்த இடத்தில்தான் உனக்கு என்னை மன்னிக்க முடியாமல் போனது. எங்கள் ஊரில் பெண்சாதி இல்லாத ஆணுக்கு வீடு இல்லை. அவர் பிறந்த வீடு உன் மாமிக்குப் போய்விட்டது, வாழ்ந்த வீடு மகளுக்குப் போய்விட்டது. ஒரு சூட்கேசும் குடையுமாய் மூதூர் லோஞ்சுப் படகில் ஏறினார். நான் இறங்குதுறைக்குப் போகவில்லை. யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். லோஞ் குடாவுக்குள் போகும்வரைக்கும் நின்றேன். அழுதேனா என்று கேட்டால், ஓம், அழுதேன். அவரைத் திரும்பிவரச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதா என்று கேட்டால், இல்லை.

கோட்டில் சும்மா பிரித்துத் தரமாட்டார்கள், ஆராவது ஓராளில் பிழை இருக்க வேண்டும் என்று லோயர் சொன்னார். உன் அப்பா தன்னில் பிழை என்று எழுதச் சொன்னார். மனைவியைக் கைவிட்டுப் போனவர் என்று அவருடைய பேருக்கு எதிரே எழுதினார்கள். அதைக்கூட அவர் உன் அக்கா மூலம்தான் சொல்லி அனுப்பினார். உனக்கு இது தெரியாது. தெரிந்தால் என்மேல் இன்னும் கோபம் வரும். வரட்டும், தெரிய வேண்டியது தெரியத்தான் வேண்டும்.

அக்கா உன்னைப்போல் கத்தவில்லை. ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு வந்து என் பக்கத்தில் இருந்து சொன்னாள்: "அம்மா, நீங்கள் விடுறது உங்கட விருப்பம். ஆனா எங்களுக்காகத்தான் இவ்வளவு காலமும் பொறுத்தனீங்கள் எண்டு மட்டும் ஆரிட்டயும் சொல்லாதேங்கோ. அந்தப் பாரத்தை எங்கட தலையில ஏத்தாதேங்கோ." அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னபிறகு ஆரிடமும் சொல்லவில்லை. அது உண்மையும் இல்லை. நான் பொறுத்தது எனக்கு வேறு வழி தெரியாதபடியால். இப்போது அவள் கிழமைக்கு ஒருதரம் லோஞ்சில் போகிற ஆட்களிடம் அப்பாவுக்குக் கருவாடும் தோசையும் கொடுத்துவிடுகிறாள். இரண்டு பக்கத்துக்கும் அவள்தான் இன்னும் ஓடித்திரிகிறாள். அவளையும் இதிலிருந்து விடுவிக்க வேண்டும்.

நீ போன தைப்பொங்கலுக்கு வந்தாய். குடாவைக் கடந்து போய் அப்பாவைப் பார்த்தாய். மாமி வீட்டு விறாந்தையில் சாக்குக் கட்டிலும் தலைமாட்டில் சூட்கேசும் பார்த்துவிட்டு வந்தாய். வந்த கோலத்திலேயே எனக்கு விளங்கியது. நான் சோறு போட்டு வைத்திருந்தேன். நீ மேசையடியில் நின்று, என்னைப் பார்க்காமல், "அக்கா, அம்மாட்டச் சொல்லு, எனக்குப் பசிக்கேல்ல எண்டு. நாளைக்கு வெள்ளன பஸ்ஸில போறன் எண்டும் சொல்லு" என்றாய்.

நான் உனக்கு முன்னால் நின்றேன், மகன். கையில் கரண்டியோடு நின்றேன். நீ என்னோடு கோபித்ததற்காக நான் பயப்படவில்லை. பிள்ளை கோபித்தால் ஆறும். உன் வாயிலிருந்து உன் அப்பா கதைத்ததைக் கேட்டுத்தான் பயந்தேன். நாளைக்கு அந்தப் பிள்ளையோடு ஒரு மனத்தாங்கல் வந்தால் நீ என்ன செய்வாய்? பிள்ளை பிறக்கும்வரைக்கும் காத்திருந்து, அதனிடம் சொல்லி அனுப்புவாயா? நான் உனக்குப் புத்தி சொல்லக்கூடிய ஆளா என்று நீ கேட்கலாம். சமைக்கத் தெரியாதவளுக்குத்தான் எது கருகும் என்று நன்றாகத் தெரியும். உப்புக் கூடினால் கூடிவிட்டது என்று அவளுக்கு நேரே சொல். அவள் கோபிக்கட்டும். தட்டைத் தூக்கிக்கொண்டு போகட்டும். சண்டை பிடிக்கிற வீடு இருக்கும். பிடிக்கத் தெரியாத வீடு எங்களுடையது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை உன் அப்பா பென்சன் எடுக்க ரவுனுக்கு வருகிற நாள். நான் இறங்குதுறைக்குப் போனேன். விட்டபிறகு முதல் தரம். லோஞ்சால் வந்த சனமெல்லாம் சோதனைச் சாவடியில் பையைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றது. அவரும் நின்றார், மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் பயந்துபோய், "பிள்ளையளுக்கு ஏதும்…?" என்றார். இல்லை என்றேன். சோனகக் காக்கா ஒருவரின் தேத்தண்ணிக் கடை வாங்கில் இருத்தினேன். நீ தனக்கு எழுதிய கடிதத்தை அவர் எனக்குக் காட்டினார். பாதை சரியில்லை, ஆமியிடம் பாஸ் எடுப்பது கரைச்சல், அப்பா அலைய வேண்டாம், கலியாணம் முடிய இரண்டு பேரும் வந்து கும்பிடுகிறோம் என்று எழுதியிருந்தாய். "பிள்ளை சொல்லுறதும் சரிதான்" என்றார். ஆனால் மாமியின் மகன் கையால் வேட்டி சால்வை வாங்கி வைத்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது வேறு பக்கம் பார்த்தார். அப்படியே விட்டுவிடலாமோ என்று எனக்கும் ஒரு கணம் வந்தது. பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அவர் "எப்ப செத்தனானாம்?" என்று கேட்டார்.

"தொண்ணூறில."

"அப்ப இந்தப் பென்சனை எடுக்கேலாதே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அந்த மனிசனுக்குப் பகிடி விடத் தெரியும் என்று எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. காக்கா திரும்பிப் பார்த்தார். பிறகு உன் அப்பாவின் முகம் மாறியது. தேத்தண்ணிக் கிளாசைப் பிடித்தபடி சொன்னார்: "பிள்ளைக்கு அது லேசெண்டா அப்பிடியே இருக்கட்டும். நான் வராமல் விடுறன். நான் இல்லாட்டி அவனுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. நீர் போய் வாரும்."

உனக்காகச் செத்தவராகவே இருந்துவிட அவர் சம்மதித்தார், மகன். தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்துகொண்டு, ஒரு கோபமும் இல்லாமல். எனக்குப் பொறுக்கவில்லை. "நான் உங்களை விட்டனான். ஓம், விட்டனான். ஆனா சாகக் குடுக்கேல்ல. அண்டைக்கு இந்த ஊரில இருக்கிற சாமியெல்லாத்தையும் இழுத்துத்தான் உங்களை எடுத்தனான். அதை ஒருத்தரும் இல்லையெண்டு சொல்ல விடமாட்டன்" என்றேன். குரல் கூடிவிட்டது. லோஞ்சுக்கு நின்ற சனமும் பார்த்தது.

அவர் என்னை நேரே பார்த்தார். "நீர் இவ்வளவு கதைப்பீர் எண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

"நீங்கள் கேக்கேல்ல" என்றேன்.

இதைக் கேட்டுவிட்டு நாங்கள் திரும்பச் சேரப்போகிறோம் என்று கனவு காணாதே. அக்காவும் அப்படித்தான் கண்ணை விரித்தாள். இல்லை. எனக்கு என் யன்னலும் காற்றும் போதும். ஆரும் செருமாத காலை எனக்கு நல்லாயிருக்கிறது. அவரும் கோழிகளோடு நன்றாகக் கதைக்கிறாராம், மாமி சொன்னார். ஆனால் உனக்கு அம்மாவும் இருக்கிறாள், அப்பாவும் இருக்கிறார். அது எந்தக் கோட்டாலும் பிரிக்கிற சங்கதி இல்லை.

ஆகையால் நான் கேட்பது இதுதான். உன் மாமியாருக்கு நீயே போய்ச் சொல். நான் சொல்ல மாட்டேன், அக்காவும் சொல்ல மாட்டாள். இனி இந்தக் குடும்பத்தில் ஒருவருடைய சொல்லை இன்னொருவர் சுமக்கிறது இல்லை. முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல், பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு போய்த் தாயிடம் சொல். கலியாணம் குழம்பிவிடும் என்று நீ பயப்படுவாய். குழம்பலாம். குழம்பாது என்று பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் ரெலிபோனில் முன்பின் தெரியாத எனக்காக அழுத மனிசி, உயிரோடு இருக்கிற ஒருவருக்காகச் சந்தோசப்படவும் மாட்டாரா? மணவறையில் சோடியாய் நிற்க அவருடைய அண்ணரும் அண்ணியுமே நிற்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. நாங்கள் சோடி இல்லை. முன்வரிசையில் மூன்று கதிரை போடு, நடுவில் அக்காவை இருத்து. அவர் வராத மண்டபத்துக்கு நானும் வரமாட்டேன். விதவை வேசம் போட்டுக்கொண்டு, நேசம் அக்காவுக்குத் துரோகம் செய்துகொண்டு, உன் தலையில் அட்சதை போட என் கை எழும்பாது.

இவ்வளவும் நேற்று எழுதியது. இன்றைக்குப் பாஸ் விசயமாய், பதிவு இன்னும் இங்கேதான் என்பதால், எங்கள் பகுதி விதானையாரிடம் கையெழுத்து வாங்க உன் அப்பா திரும்பவும் ரவுனுக்கு வந்தார். ஓம், பாஸ் எடுக்க ஓடித்திரிகிறார், நீ என்ன சொல்வாயோ தெரியாமலே. கொழும்புக்குப் போகிற ஆளிடம் கடிதத்தைக் கொடுக்க முன் இறங்குதுறையில் அவரைக் கண்டேன். அதே வாங்கில் இருந்தார். "அவனிட்டச் சொல்லும்…" என்று தொடங்கினார்.

"நான் சொல்ல மாட்டன். இந்தாங்கோ பேனை" என்றேன்.

கடைசிக் கடதாசியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். லோஞ்காரன் ஹோண் அடிக்கத் தொடங்கிவிட்டான். இரண்டு தரம் எழுதப்போய் நிறுத்தினார். பிறகு எழுதி, மடித்து, என் கையில் தந்துவிட்டு, ஓடிப்போய் ஏறினார். அவர் எழுதியதில் நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சீனி போடவும் இல்லை. கீழே இருக்கிறது.

அம்மா

மகன்,
நான் நலம். உன் கலியாணத்துக்கு வர எனக்கு விருப்பம். வரலாமா?
அப்பா